கிருமியின் கோட்டைச் சுவர்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் மின்சார ரயில், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று ஊர்தோறும் நின்று திருவள்ளூர் போய்ச் சேருகிறது. அந்த வண்டியில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் யாரேனும் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு எதிரே அமர்ந்திருந்தால், அவருடைய மேற்கையில் வட்டமான தழும்பு ஒன்றைக் காணலாம். அது சிறு பிராயத்தில் அம்மை குத்திக்கொண்ட வடுவாகவும் இருக்கக்கூடும். ஆனால் பெரியவர் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரானால், அந்தத் தழும்புக்கு உலக வைத்திய சாஸ்திரத்தில் இடம்பெற்ற வரலாறு ஒன்று உண்டென்று சந்தேகிக்கலாம். 1968-ஆம் ஆண்டு முதல் 1971-ஆம் ஆண்டு வரையில் அந்தக் கிராமங்களில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோரின் தோலுக்குள் செலுத்தப்பட்டது மருந்தன்று, உயிருள்ள பாக்டீரியாக்கள்!

"கிருமியைக் காட்டினால் ஓடுவார்கள், இவர்கள் கையை நீட்டினார்களா?" என்று நேயர்கள் வியக்கலாம். நீட்டினார்கள். எதற்காக நீட்டினார்கள், அதனால் விளைந்தது என்ன என்பதை அறிய வேண்டுமானால், முதலில் அந்தச் சிற்றுயிரின் உடலமைப்பைச் சிறிது பார்த்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாடம்போல் இருக்குமே என்று அஞ்ச வேண்டாம். பாடம் நடத்துவது என் தொழிலானாலும், இங்கே பரீட்சை கிடையாது.

கடுகு சிறியது என்கிறோம். ஒரு கடுகின் குறுக்களவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். சாதாரணமான பாக்டீரியா ஒன்றின் நீளம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதாவது ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாகப் படுக்க வைத்தால் ஒரு கடுகின் அகலத்துக்குச் சரியாகும். இத்தனை சிறியதை முதன் முதலில் கண்டவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த லேவன்ஹுக் என்பவர். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளால் நீர்த்துளிகளை உற்று நோக்கி, தாம் கண்டதை 1676-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். பிறகு தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த அழுக்கிலும் உயிர்கள் துள்ளி விளையாடுவதைக் கண்டு சொன்னார்.

நம் உடலில் உள்ள உயிரணு பொதுவாகப் பல அறைகள் கொண்ட வீடு போன்றது. பூஜை அறைபோல நடுவில் உட்கரு என்னும் தனியறை உண்டு. பரம்பரையாக வந்த பட்டயங்களையெல்லாம் அதற்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். பாக்டீரியாவோ ஒற்றையறைக் குடித்தனம். அதற்கு உட்கரு கிடையாது. வம்ச பட்டயமாகிய டி.என்.ஏ. இழை, பெரும்பாலும் ஒரே வளையமாக, அந்த அறையின் நடுவிலேயே சுருண்டு கிடக்கிறது. சுருண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவின் இழையைப் பிரித்து நீட்டினால், அது அந்தப் பாக்டீரியாவின் உடலைப்போல் பல நூறு மடங்கு நீளம் இருக்கும்! இந்தப் பெரிய பட்டயத்தைத் தவிர, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களும் சில பாக்டீரியாக்களிடம் உண்டு. அவை கைக்குறிப்புச் சீட்டுகளைப் போன்றவை. ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்கு அவற்றைப் பிரதி எடுத்துக் கொடுக்கும். மருந்துக்குச் சாகாதிருக்கும் வித்தையைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கற்பித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சீட்டுகளின் மூலமாகத்தான்.

அறையெங்கும் ரைபோசோம் என்னும் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் சிதறியிருக்கின்றன. பட்டயத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் புரதங்களைச் செய்து தள்ளுவது அவற்றின் வேலை. சில பாக்டீரியாக்களுக்குச் சாட்டை போன்ற இழையும் உண்டு. அது மீன் வாலைப்போல அசைவதில்லை. மோட்டாரின் அச்சைப்போலச் சுழல்கிறது. இயற்கையில் சக்கரம் கிடையாது என்று சொல்பவர்கள் இதைப் பார்த்ததில்லை போலும்.

ஆனால் நம் கதைக்கு முக்கியமானது அறையைச் சுற்றியுள்ள மதில். மெல்லிய சவ்வு ஒன்று உள்ளே இருக்க, அதற்கு வெளியே வலை பின்னினாற்போன்ற கெட்டியான சுவர் ஒன்று எழுப்பப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சரங்களும் புரதத் துண்டுகளும் கோத்துப் பின்னிய சுவர் அது. இத்தகைய சுவர் மனித உயிரணுவுக்கு இல்லை. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் அழுத்தம் மிக அதிகம். மதில் இல்லாவிட்டால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி அது வெடித்துவிடும். பெனிசிலின் செய்யும் காரியம் இதுதான். மதில் கட்டும் கொத்தனின் கையை அது முடக்கிவிடுகிறது. வளரும் கிருமி வெடித்துச் சாகிறது. நமக்கு அத்தகைய மதிலே இல்லாததால் நம் உயிரணுக்களுக்கு அதனால் கேடில்லை.

இந்த மதில் எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் ஒரே மாதிரி அல்ல. 1884-ல் கிராம் என்னும் டேனிஷ் வைத்தியர் ஊதாச் சாயம் ஏற்றிக் கழுவிப் பார்த்தபோது, சில கிருமிகள் சாயத்தைப் பற்றிக்கொண்டன, சில விட்டுவிட்டன. சாயம் பற்றியவை தடித்த மதில் உடையவை. பற்றாதவற்றின் மதில் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பாலான வேறொரு போர்வையும் உண்டு. இன்றும் ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் சீழையோ கோழையையோ ஆராய்பவர்கள் முதலில் செய்வது இந்தச் சாயச் சோதனையைத்தான்.

தடித்த மதில்காரர்களை நம் தாய்மார்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள், பெயர்தான் தெரியாது. காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, ஒரு கரண்டி பழைய தயிரை உறை ஊற்றி மூடி வைக்கிறார்களே, அந்த ஒரு கரண்டியில் லாக்டோபாசில்லஸ் முதலிய பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை பாலில் உள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் திரண்டு கட்டியாகிறது. சூடு அதிகமாயிருக்கும்போது உறை ஊற்றினால் வேலையாட்களே வெந்து போவார்கள். பிறகு தயிர் எங்கே தோயும்? அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. எத்தனை பெரிய தொழிற்சாலையிலும் தயிர் தோய்ப்பதற்கு இந்தச் சிற்றுயிர்களைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இட்லி மாவு பொங்குவதும் இவ்வகைப் பாக்டீரியாக்களின் கைங்கரியமே. உளுந்தோடு கூடவே வரும் லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா, புளிப்பையும் தருகிறது, கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அந்த வாயு உளுந்தின் வழவழப்பில் சிக்கிக்கொள்வதால்தான் இட்லி மல்லிகைப்பூவாக மலர்கிறது. யாரும் அழைக்காமல் வந்து, கூலி கேட்காமல் விடியுமுன் வேலையை முடிக்கும் இத்தகைய சமையற்காரர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

மெல்லிய மதில் உடையவர்களிலும் நண்பர்கள் உண்டு. வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது ரைசோபியம் என்னும் பாக்டீரியாவின் குடியிருப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுத்து, அதற்கு ஈடாகச் செடியிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. உரக்கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு தருவதை இது வேரடியிலேயே தயாரித்துவிடுகிறது. மேலே சொன்ன ஈ. கோலியையும் விஞ்ஞானிகள் வேலை வாங்கிவிட்டார்கள். மனிதனின் இன்சுலினுக்குரிய குறிப்பை அதன் கைச்சீட்டில் எழுதிச் சேர்த்தார்கள்; 1982 முதல் அவ்வாறு செய்த இன்சுலின் மருந்தாக விற்பனைக்கு வந்தது. நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாவது வகை மதிலுக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, பெர்லின் நகரில் ராபர்ட் காக், க்ஷயரோகத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தக் கிருமிக்குச் சாதாரணச் சாயம் எளிதில் ஏறுவதில்லை. காரணம், அதன் மதிலின்மேல் மெழுகு பூசியிருக்கிறது. சிவப்புச் சாயத்தைச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். ஒரு முறை ஏறிவிட்டாலோ, அமிலம் விட்டுக் கழுவினாலும் போகாது. அந்த மெழுகு மதில் அதற்குக் கவசமாகிறது. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கினாலும் ஜீரணிக்க முடியாமல் திண்டாடுகின்றன. விழுங்கியவன் வயிற்றிலேயே கிருமி குடித்தனம் செய்கிறது.

மெழுகு மதில்காரர்கள் எதிலும் நிதானம். நல்ல உணவும் இதமான சூடும் கிடைத்தால் ஈ. கோலி 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கும். இரவு 10 மணிக்கு ஒன்றாயிருந்தது அதிகாலை 5 மணிக்கு 20 லட்சத்துக்கு மேலாகிவிடும். க்ஷயக் கிருமிக்கு ஒரு முறை பிளக்கவே ஒரு பகல் ஒரு இரவு வேண்டியிருக்கிறது. அந்த வியாதி மெல்ல வந்து மெல்லப் போவதற்கும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருப்பதற்கும் இது ஒரு காரணம். 1952-ல் வழக்குக்கு வந்த ஐசோனியாசிட் என்னும் மாத்திரை இந்த மெழுகைத் தயாரிக்க விடாமல் தடுக்கிறது. அம்மாத்திரையோடு மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, வீட்டிலிருந்தபடியே வைத்தியம் செய்துகொண்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பதற்கு நிகராகவே குணம் உண்டாகும் என்பதை 1959-ல் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது நம் சென்னைச் சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையம். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

வந்தபின் தீர்க்கும் மருந்து கிடைத்தது. வருமுன் காக்க வழி? அதற்குப் பிரான்ஸ் தேசத்தார் இருவர் முன்னமே பாடுபட்டிருந்தார்கள். கால்மெட், கெரன் என்ற அந்த இருவரும், மாட்டுக்கு வரும் க்ஷயக் கிருமியை உருளைக்கிழங்கிலும் பித்த நீரிலும் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை புது உணவுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1908-ல் தொடங்கியது 1921 வரையில் நடந்தது. 230 முறை மாற்றினார்கள்! நடுவில் ஒரு மகா யுத்தமும் வந்து போயிற்று. சொகுசாக வளர்ந்த அந்தக் கிருமி, நோய் செய்யும் திறனை மறந்துவிட்டது. பட்டயத்தில் ஒரு பகுதியே தொலைந்து போனதால் இப்படி ஆயிற்று என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஆனால் மெழுகு மதில் மட்டும் அப்படியே இருந்தது. கள்வனின் வேஷத்தோடு சாதுவை ஊருக்குள் அனுப்பினால், பிறகு உண்மைக் கள்வன் வரும்போது காவலர் அடையாளம் கண்டுகொள்வார்கள் அல்லவா? அதுவே தத்துவம். அந்தச் சாதுவான கிருமிதான் பி.சி.ஜி.

நம் நாடு விடுதலை பெற்ற மறு வருஷமே, 1948-ல், சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது. 1951 முதல் தேசமெங்கும் குழந்தைகளுக்கு ஊசி போடும் இயக்கம் பரவியது. எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர் சாமான்யரல்லர், ராஜாஜி. உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் செலுத்துவது தகுமா என்று கேட்டு, 1955-ல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். மத்திய சர்க்காரின் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் ஊசியின் பக்கம் நின்றார். இருவரும் காந்தியடிகளின் அருகிலிருந்தவர்கள். ராஜாஜி வைத்திய சாஸ்திரம் கற்றவரல்லர் என்று அவரைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஆயினும் "இந்நாட்டில் இது பலிக்கும் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று யார் கேட்டிருந்தாலும், அது நியாயமான கேள்வியே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அக்காலத்து அத்தாட்சிகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் 100-க்குச் சுமார் 80 வீதம் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் நடந்ததிலோ பலன் மிகச் சொற்பம். இந்தியாவில் எப்படி? யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தியது. உலக சுகாதார ஸ்தாபனமும் அமெரிக்க சர்க்காரின் பொதுச் சுகாதார இலாகாவும் துணை நின்றன. 3 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைப் பதிவு செய்தார்கள். பச்சிளங் குழந்தைகள் நீங்கலாக ஏறக்குறைய ஊர் முழுவதும் என்று சொல்லலாம். ஒரு சாராருக்குப் பி.சி.ஜி.; மற்றொரு சாராருக்குக் கிருமியில்லாத வெறுங் கரைசல். எவருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை ஊர் ஊராகச் சென்று, மார்பை எக்ஸ்ரே படம் எடுத்து, சந்தேகப்பட்டவர்களின் கோழையைச் சோதித்தார்கள். நாற்று நடவையும் களையெடுப்பையும் விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்ற ஜனங்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். உலகத்திலேயே பி.சி.ஜி.க்காக நடந்த மிகப் பெரிய சோதனை இதுவே.

முதல் முடிவு 1979-ல் வெளியாயிற்று. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வெறுங் கரைசல் போட்டுக்கொண்டவர்களுக்கும் நுரையீரல் க்ஷயத்தில் வித்தியாசமே காணப்படவில்லை. உலகம் திடுக்கிட்டது. ஏதோ கணக்குப் பிழை என்றார்கள் சிலர். ஊசி மருந்து கெட்டிருக்கும் என்றார்கள் வேறு சிலர். ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். 15 வருஷம் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்ட முடிவும் மாறவில்லை: வயது வந்தோருக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுவர்களிடம் மட்டும் ஏதோ கொஞ்சம், அதுவும் நிச்சயமில்லை.

ஏன் இப்படி என்பதற்குப் பல விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றியது. க்ஷயக் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் பல பேர், அதே மெழுகு மதிலோடு, ஏரியிலும் குட்டையிலும் சேற்றிலும் வாழ்கிறார்கள். நோய் செய்வது அபூர்வம். செம்பரம்பாக்கம் தொடங்கி ஏரிகள் நிறைந்த இந்தப் பிரதேசத்தில், பிறந்தது முதல் அவற்றோடு பழகிய உடம்புக்கு இன்னொரு மெழுகு மதில் புதிய செய்தியாகத் தோன்றவில்லையாம். குளிர் தேசத்துப் பிள்ளையின் உடம்புக்கு அது புதிது. இது முழுவதும் தீர்ந்த வழக்கன்று. இருந்தாலும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அப்படியானால் ராஜாஜி ஜெயித்தாரா? அப்படிச் சொல்லவும் முடியாது. பி.சி.ஜி. அபாயமானது என்று இந்தச் சோதனை காட்டவில்லை. மேலும், பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் க்ஷயம் வேறு விதமானது. அது மூளைச் சவ்வைத் தாக்கிக் கொல்லும். அல்லது உடம்பெங்கும் பரவும். அவற்றைப் பி.சி.ஜி. பெரும்பாலும் தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. ஆகையால் பிறந்தவுடன் போடும் வழக்கம் நிலைத்தது. பெரியவர்களை அதன்மீது நம்பிக்கை வைக்கச் சொல்வது நின்றது. இந்த இரண்டையும் பிரித்தறியத் திருவள்ளூர்க்காரர்களின் கைகள் தேவைப்பட்டன.

அதே ஜில்லா ஜனங்கள் மறுபடியும் கை நீட்டினார்கள். இம்முறை தொழுநோய்க்காக. தொழுநோய்க் கிருமியும் மெழுகு மதில் ஜாதிதான். க்ஷயக் கிருமியைவிடச் சோம்பேறி. ஒரு முறை பிளக்க ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும்; கண்ணாடிக் குழாயில் வளரவே வளராது. ஆக்ராவில் உள்ள ஜால்மா நிலையத்தின் கிளை ஒன்று நம் ஆவடியில் இருந்தது. அதன் ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் தொடங்கி, 1 லட்சத்து 71 ஆயிரம் பேருக்கு மேல் தடுப்பூசி போட்டு நான்கு வகை ஊசிகளை ஒப்பிட்டார்கள். 1998-ல் வெளியான பலன் இது: பி.சி.ஜி. மட்டும் 34 சதவிகிதம், பி.சி.ஜி.யோடு கொன்ற தொழுநோய்க் கிருமியையும் சேர்த்தால் 64. பம்பாயில் கண்டெடுத்த ஐ.சி.ஆர்.சி. என்னும் கிருமி 65-க்குச் சற்று மேல். டில்லியில் தல்வார் என்ற விஞ்ஞானி ஆராய்ந்த மற்றொரு சாதுக் கிருமி சுமார் 26. க்ஷயத்துக்குக் கைவிட்ட மதில் தொழுநோய்க்கு ஓரளவு கைகொடுத்தது! மறு வருஷமே ஆவடிக் கிளை வேறொரு நிலையத்தோடு இணைந்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமாயிற்று. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அதன் கட்டிடத்தை இன்றும் காணலாம். நித்தம் அவ்வழியே பஸ்ஸில் போகும் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்களோ!

பி.சி.ஜி.க்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. 1976-ல் கானடா தேசத்து வைத்தியர் மொரேல்ஸ் என்பவர், மூத்திரப் பையில் வரும் புற்றுநோயில் அந்தக் கிருமியை உள்ளே செலுத்திப் பலன் கண்டார். மெழுகு மதிலைக் கண்டு சீறி எழும் காவலணுக்கள், பக்கத்திலிருக்கும் புற்றையும் சேர்த்துத் தாக்குகின்றன. இன்றும் அது வழக்கிலிருக்கும் சிகிச்சை.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பூவிருந்தவல்லியோ ஆவடியோ, எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும், பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் தோலுக்குள் இந்த ஊசியைப் போடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடம் கடுகுபோல் தடிக்கும். பிறகு கொப்புளமாகி உடைந்து சிறிது நீர் கசியும். பாட்டிமார் பதறி மஞ்சளையோ சுண்ணாம்பையோ குழைத்துப் பூச வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். சுத்தமாக வைத்திருந்தால் சில வாரங்களில் தானே ஆறிச் சிறு தழும்பாகிவிடும். அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.